குக் கவுண்டி ஜனநாயகக் கட்சித் தலைவர்கள்: இரண்டு பட்டியல், இரண்டும் வேறு வேறு. எது சரி?

மடத்தடி_குறிப்பேடு எழுதியது:

உயர்தர அரசியல் விஞ்ஞானத்துக்குக் கையேடு ஒன்று தயாராகிறது. ஐக்கிய அமெரிக்கா பகுதியில் சனாதிபதி, கொங்கிரஸ், உச்ச நீதிமன்றம் எல்லாம் வழமைபோல இருக்கிறது. கட்சி அடிமட்டத்தில் எப்படி இயங்குகிறது என்பதற்கு மட்டும் ஒரு வரியும் இல்லை. அதற்கு உதாரணமாக இலினோய் மாநிலத்தின் குக் கவுண்டியை, அதாவது சிக்காகோ நகரம் இருக்கும் கவுண்டியை எடுத்து, அங்கே ஜனநாயகக் கட்சிக்குத் தலைமை தாங்கியவர்களை வரிசையாகப் போடலாம் என்பது எண்ணம்.

சிக்கல் இதுதான். ஒரு பட்டியலில் செர்மாக், கெல்லி, கெனலி, டேலி, பிலாண்டிக் என்று போகிறது. இன்னொன்றில் செர்மாக், நாஷ், கெல்லி, ஆர்வி, கில், டேலி, டன். இரண்டுக்கும் தலைப்பு "சிக்காகோ ஜனநாயகக் கட்சித் தலைமை" என்றுதான் இருக்கிறது. எதை எடுப்பது? கவுண்டி என்பதை மாவட்டம் என்று எழுதலாமா? கட்சிப் பதவி என்றால் அதற்கு அரசாங்க வாக்குச்சீட்டில் தேர்தல் ஏன் நடக்கிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

உப்புவெளிக்_காற்று எழுதியது:

தம்பி, இரண்டு பட்டியலிலும் பிழையில்லை, தலைப்பில்தான் பிழை. முதலாவது சிக்காகோ மேயர்களின் பட்டியல். இரண்டாவது கட்சியின் கவுண்டித் தலைவர்களின் பட்டியல். இரண்டு கதிரையிலும் ஒரே ஆள் இருந்த காலங்கள் உண்டு, குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது.

1928 ஓகஸ்டில் ஜோர்ஜ் பிரெனன் இறந்த பிறகு கட்சி அன்ரன் செர்மாக்கின் கைக்கு வந்தது. பொஹீமியாவில் பிறந்து குடியேறியவர். ஐரிஷ்காரரின் பிடியில் கிடந்த கட்சிக்குள் செக், போலிஷ், யூத, ஜேர்மன் குடியேறிகளைக் கொண்டுவந்து கூட்டணியாகக் கட்டியவர். 1922 முதல் கவுண்டிச் சபைக்கும் அவரே தலைவர். 1931 இல் மேயரானார். 1933 பெப்ரவரி 15 மயாமியில், பதவியேற்கவிருந்த ரூஸ்வெல்ட்டைக் குறிவைத்த சூடு இவரில் பட்டது. மார்ச் 6 இறந்தார்.

அதன்பின் மேயர் எட்வர்ட் கெல்லி, கட்சித் தலைவர் பற் நாஷ். "கெல்லி–நாஷ்" என்று சேர்த்து எழுதுவார்கள், ஒரே ஆளின் பெயர் என்று மாணவர்கள் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 1943 ஒக்டோபரில் நாஷ் இறந்ததும் கெல்லியே கட்சியையும் எடுத்துக்கொண்டார். 1946 இல் ஜேக்கப் ஆர்வி தலைவரானார். அடுத்த வருடமே கெல்லியை ஒதுக்கி மார்ட்டின் கெனலியை மேயர் வேட்பாளராக்கியவர் இவர். 1948 இல் ஆளுநருக்கு அட்லாய் ஸ்டீவன்சனையும் செனற்றுக்கு போல் டக்ளஸையும் நிறுத்தினார், இருவரும் வென்றார்கள். 1950 இல் எல்லாம் தலைகீழ். ஷெரிப் பதவிக்கு அவர் நிறுத்திய பொலிஸ் அதிகாரியின் சொத்துக் கணக்கு வெளியே வந்து நாறியது. அந்த ஆளும் தோற்று, கூடவே செனற்றின் பெரும்பான்மைத் தலைவர் ஸ்கொட் லூக்கஸும் தோற்றார். ஆர்வி விலகினார்.

1950 முதல் 1953 வரை ஜோசப் கில். 1953 இல் ரிச்சர்ட் ஜே. டேலி. அப்போது அவர் மேயரல்ல, கவுண்டி எழுதுவினைஞர், தேர்ந்தெடுக்கப்படும் பதவி. 1955 இல் தன் கட்சிக்கார மேயரான கெனலியையே பிரைமரியில், அதாவது கட்சி வேட்பாளரைத் தெரிவு செய்யும் முன்தேர்தலில், வீழ்த்தி மேயரானார். 1976 டிசம்பர் 20 இறக்கும்வரை இரண்டு பதவியையும் விடவில்லை. கையேட்டில் இந்த 21 வருடங்களுக்கு ஒரு பத்தி ஒதுக்குங்கள், மற்றவர்களுக்கு ஒரு வரி போதும்.

டேலிக்குப் பிறகு பதவிகள் பிரிந்தன. மேயர் மைக்கல் பிலாண்டிக், கட்சித் தலைவர் ஜோர்ஜ் டன். 1982 இல் டன்னைத் தள்ளிவிட்டு எட்வர்ட் வ்ர்டோலியாக் வந்தார். 1983 இல் நகரின் முதலாவது கறுப்பின மேயராக ஹரோல்ட் வொஷிங்டன் தெரிவானபோது, 50 பேர் கொண்ட நகரசபையில் 29 பேரைத் திரட்டி அவரது நியமனங்களைத் தடுத்தவர் இந்தக் கட்சித் தலைவரேதான். மேயரும் ஜனநாயகக் கட்சி, எதிர்த்தவரும் ஜனநாயகக் கட்சி. 1987 இல் வ்ர்டோலியாக் விலகி அதே வருடம் குடியரசுக் கட்சிக்குப் போனார். டன் திரும்பவும் 1990 வரை. பிறகு தோமஸ் லையன்ஸ் 2007 வரை, ஜோசப் பெரியோஸ் 2018 வரை, அதன்பின் ரோனி பிரெக்விங்கிள். அந்தக் கதிரையில் அமர்ந்த முதல் பெண்ணும் முதல் கறுப்பினத்தவரும் அவர்.

---

கிண்ணியா_நானா எழுதியது:

சொற்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

கவுண்டியை மாவட்டம் என்று போடாதீர்கள். நம்மட மாவட்டத்துக்கு அரசாங்க அதிபரைக் கொழும்பு நியமிக்கும். அங்கே கவுண்டிச் சபை, ஷெரிப், எழுதுவினைஞர், சொத்து மதிப்பீட்டாளர் எல்லாமே பெரும்பாலும் வாக்கில் வருகிற பதவிகள். மாவட்டம் என்று எழுதினால் வாசிக்கிற பிள்ளைக்குக் கச்சேரிதான் கண்ணுக்கு வரும். "கவுண்டி" என்றே விடுங்கள். லூசியானாவில் கவுண்டி என்ற பெயரே கிடையாது, பாரிஷ் என்பார்கள். கனெக்ரிகட்டில் கவுண்டி அரசாங்கத்தை 1960 இல் கலைத்துவிட்டார்கள், அங்கே கட்சி ஊர் ஊராகத்தான் கட்டப்பட்டிருக்கிறது.

அடுத்தது தலைவர் என்ற சொல். உப்புவெளிக்காரர் கவுண்டிச் சபைக்கும் "தலைவர்", கட்சிக்கும் "தலைவர்" என்று எழுதியிருக்கிறார். நம்மிடம் அழகான இரண்டு சொல் இருக்கே. பிரதேச சபை என்றால் தவிசாளர், கட்சி என்றால் தலைவர். அப்படியே போடுங்கள். செர்மாக், டன், பிரெக்விங்கிள் மூன்று பேரும் ஒரு கட்டத்தில் சபைத் தவிசாளரும் கட்சித் தலைவருமாக இருந்தவர்கள். ஒரே சொல்லைப் போட்டால் எந்த வருடம் எந்தப் பதவிக்கு என்று ஒருவருக்கும் விளங்காது. டன் சபைத் தவிசாளராக இருந்தது 1969 முதல் 1990 வரை, இடைவெளி இல்லை. கட்சித் தலைமைதான் இடையில் அறுந்தது.

இன்னொரு பொறி மிசூரி மாநிலத்தில் இருக்கு. ஹரி ட்ரூமன் 1922 இல் ஜாக்சன் கவுண்டியின் "ஜட்ஜ்" ஆகத் தெரிவானார் என்று வரும். நீதிபதி என்று மொழிபெயர்த்தால் முழுப்பிழை. அந்த ஜட்ஜ் வழக்கு விசாரிப்பவரல்ல, வீதி போடுகிற, வரி பார்க்கிற நிர்வாகி. ட்ரூமனை நிறுத்தியது கன்சாஸ் சிற்றியின் தொம் பென்டர்காஸ்ட். பென்டர்காஸ்ட் அணிக்கு "ஆடுகள்" என்றும் எதிர் அணிக்கு "முயல்கள்" என்றும் பெயர், இரண்டும் ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே. 1939 இல் வருமான வரி ஏய்ப்புக்காகப் பென்டர்காஸ்ட் சிறை போனார். 1945 ஜனவரியில் இறந்தபோது துணைச் சனாதிபதியாக இருந்த ட்ரூமன் ஒளிக்காமல் செத்தவீட்டுக்குப் போனார்.

---

சாம்பல்தீவு_சேர் எழுதியது:

அரசாங்க வாக்குச்சீட்டில் ஏன் என்ற கேள்விக்கு ஒருவரும் வரவில்லை, அதைத்தான் முதலில் எழுத வேண்டும். பெயர்ப்பட்டியல் பிறகு.

எங்கள் நாட்டில் கட்சிக் கிளை எப்படி அமைய வேண்டும் என்பது கட்சி யாப்பின் விடயம். அமெரிக்காவில் பல மாநிலங்களில் அதை மாநிலத் தேர்தல் சட்டமே எழுதி வைத்திருக்கிறது. காரணம், வேட்பாளரைத் தெரிவு செய்யும் பிரைமரி தேர்தலை அரசு நடத்துகிறது. அந்தப் பிரைமரிச் சீட்டிலேயே கட்சியின் வட்டாரப் பிரதிநிதிக்கும் வாக்கு. அவரைத்தான் கமிட்டிமன் என்பார்கள், இப்போது கமிட்டிபேர்சன். தமிழில் "வட்டாரக் கட்சிப் பிரதிநிதி" என்று எழுதலாம். நகரசபை உறுப்பினரான அல்டர்மேன் வேறு, இவர் வேறு. ஒரே ஆள் இரண்டும் வைத்திருப்பது சாதாரணம்.

குக் கவுண்டியில் இப்படி 80 பேர். நகரின் 50 வட்டாரங்களுக்கு 50, புறநகரில் டவுன்ஷிப் எனப்படும் 30 உட்பிரிவுகளுக்கு 30. இந்த 80 பேரும் கூடித் தலைவரைத் தெரிவு செய்வார்கள். பொதுமக்கள் நேரே தலைவருக்கு வாக்களிப்பதில்லை. வட்டாரப் பிரதிநிதிகளுக்குத் தவணை 4 வருடம், சனாதிபதித் தேர்தல் வருடத்துப் பிரைமரியில் தெரிவு. டவுன்ஷிப்காரருக்கும் 4 வருடம்தான், ஆனால் இடையில் வரும் ஆளுநர் தேர்தல் வருடத்தில்.

இனி முக்கியமான இடம். அந்த 80 பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு இல்லை. கடைசிப் பிரைமரியில் அவரவர் பகுதியில் அந்தக் கட்சிச் சீட்டு எத்தனை போடப்பட்டதோ அத்தனை வாக்கு. விளக்கத்துக்காக ஒரு கணக்கு: ஒரு வட்டாரத்தில் 12,000 சீட்டு, ஒரு டவுன்ஷிப்பில் 3,000 சீட்டு என்றால், முதலாமவர் கை தூக்கினால் 12,000, இரண்டாமவர் தூக்கினால் 3,000.

2024 ஜனவரி 21 தமிழரசுக் கட்சியின் தலைவர் தெரிவு இங்கே திருகோணமலையில் நடந்தது மாணவர்களுக்கு நினைவிருக்கும். 321 பேர் வாக்களித்து 184 க்கு 137. தலைக்கு ஒரு வாக்கு. குக் கவுண்டி முறையில் அதை எண்ணியிருந்தால், ஒவ்வொரு கிளைக்காரரும் தன் ஊரில் கட்சிக்கு விழுந்த வாக்குகளைச் சுமந்துகொண்டு மண்டபத்துக்குள் வந்திருப்பார். முடிவு மாறியிருக்குமா என்பது வேறு கதை, அதை இந்த இழையில் கிளப்ப வேண்டாம். கரும்பலகையில் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும்.

இந்த நிறையிட்ட வாக்கு என்ன செய்கிறது என்றால், போட்டியே இல்லாத பிரைமரிக்கும் ஆட்களை வீட்டிலிருந்து இழுத்துவர வைக்கிறது. வந்தவர் யாருக்குப் போட்டாலும் சரி, சீட்டு எண்ணிக்கை கூடினால் தன் பிரதிநிதியின் நிறை கூடும். டேலியின் பலம் அவருடைய 11 ஆம் வட்டாரத்திலிருந்து தொடங்கியது இதனால்தான்.

---

மடத்தடி_குறிப்பேடு எழுதியது:

சேர், மிக்க நன்றி. நானா சொன்ன தவிசாளர்/தலைவர் பிரிப்பை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். இரண்டு கேள்வி மிச்சம். சம்பளமில்லாத கட்சிப் பதவிக்கு இவ்வளவு அதிகாரம் எங்கிருந்து வந்தது, பிறகு எப்படிக் குறைந்தது? மற்றது, எல்லாக் கவுண்டியும் இப்படித்தானா?

---

உப்புவெளிக்_காற்று எழுதியது:

வேலைவாய்ப்பிலிருந்து வந்தது. நகரம், கவுண்டி, பூங்காத் திணைக்களம், கழிவுநீர்ப் பிரிவு என்று எல்லா இடத்துக்கும் வட்டாரப் பிரதிநிதியின் கடிதம் வேண்டும். கடிதம் வாங்கி வேலைக்குப் போனவர் தன் வாக்களிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாளர், "பிரிசிங்ற் கப்டன்". அவருக்குச் சில நூறு வாக்காளர்கள். தேர்தலுக்கு முன் வீடு வீடாகப் போய்ப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் நேராகக் கூட்டல், கழித்தல் அல்லது பூச்சியம் போடுவார். கூட்டல் நம்மவர், கழித்தல் எதிரி, பூச்சியம் தெரியாது. தேர்தல் நாளில் கூட்டல்காரரை மட்டும்தான் போய்க் கூப்பிடுவார், கழித்தல்காரரின் கதவைத் தட்டி ஞாபகப்படுத்தும் மடத்தனம் செய்யமாட்டார். இத்தனை வாக்கு விழும் என்று முன்கூட்டியே எண்ணிக்கையும் கொடுக்க வேண்டும். விழுந்தது குறைந்தால் பிழை. கூடினாலும் பாராட்டு இல்லை, தன் தெருவைத் தனக்கே தெரியாது என்றுதான் அர்த்தம்.

இதை உடைத்தது தேர்தல் அல்ல, வழக்குகள். 1969 இல் மைக்கல் ஷக்மன் என்ற சட்டத்தரணி போட்ட வழக்கு. 1972 இல் அரசியல் காரணத்துக்காக வேலை நீக்கக்கூடாது என்றும், 1983 இல் அரசியல் காரணத்துக்காக வேலைக்கு எடுக்கவும் கூடாது என்றும் இணக்கத் தீர்ப்புகள் வந்தன. சிக்காகோ நகரம் அந்தத் தீர்ப்புகளின்படியான நீதிமன்றக் கண்காணிப்பிலிருந்து விடுபட்டது 2014 இல்தான். இடையில் 1976 இல் எல்ரொட் எதிர் பேர்ன்ஸ். குக் கவுண்டிக்குப் புதிதாக வந்த ஜனநாயகக் கட்சி ஷெரிப், பழைய ஷெரிப் எடுத்த குடியரசுக் கட்சி ஊழியர்களை நீக்கியது அரசியலமைப்புக்கு முரண் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1990 இல் ருட்டான் வழக்கு அதை ஆட்சேர்ப்பு, பதவியுயர்வு, இடமாற்றத்துக்கும் நீட்டியது. அந்த வழக்கில் பிரதிவாதி இலினோய் குடியரசுக் கட்சி. ஆக, "ஜனநாயகக் கட்சிதான் இந்த விளையாட்டு விளையாடியது" என்று கையேட்டில் எழுதிவிடாதீர்கள்.

---

உள்துறைமுக_வீதி எழுதியது:

எல்லாக் கவுண்டியும் இப்படியல்ல. இலினோயிலேயே மற்ற 101 கவுண்டிகளில் பிரதிநிதி வட்டாரத்துக்கு அல்ல, வாக்களிப்புப் பிரிவுக்கு. ரெக்சாஸில் கட்சியின் கவுண்டித் தலைவரையே பிரைமரி வாக்காளர்கள் நேரடியாகத் தெரிவு செய்கிறார்கள், தவணை 2 வருடம். கவுண்டி மட்டப் பதவிக்கு நிற்பவர் மனுவைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அவரிடம்தான். பிலடெல்பியாவில் பிரிவுக்குக் கட்சியொன்றுக்கு இருவர், அவர்கள் கூடி வட்டாரத் தலைவர், வட்டாரத் தலைவர்கள் கூடி நகரத் தலைவர். அந்த நாற்காலியில் பொப் பிரேடி 1986 இல் வந்து உட்கார்ந்தார். நகரமும் கவுண்டியும் 1854 முதல் ஒரே எல்லை என்பதால் நகரக் கமிட்டிதான் கவுண்டிக் கமிட்டி.

நியூயோர்க்கை எடுத்தால் எல்லையைக் கவனியுங்கள். நியூயோர்க் கவுண்டி என்றால் இன்றைக்கு மன்ஹாட்டன். ஆனால் பிரொங்ஸின் மேற்குப் பகுதி 1874 இலும் கிழக்குப் பகுதி 1895 இலும் அதனுடன் சேர்ந்து, 1914 இல் பிரொங்ஸ் தனிக் கவுண்டியாகப் பிரிந்தது. ஆகவே 19 ஆம் நூற்றாண்டில் நியூயோர்க் ஜனநாயகக் கட்சியை ஆட்டிவைத்த ருவீட்டின் காலத்துத் தலைவரும் 1922 முதல் 1953 வரை பிரொங்ஸை வைத்திருந்த எட் பிளினும் ஒரே வரிசையில் வரமுடியாது. நியூயோர்க் ஜனநாயகக் கட்சி அணிக்கு வழங்கும் "தமனி ஹோல்" என்ற பெயரும் முதலில் ஒரு சங்கத்தினுடையது, கவுண்டிக் கமிட்டி சட்டப்படி வேறு உடல். கட்சித் தலைமைக்கு "பொஸ்" என்று பத்திரிகை எழுதியதை வைத்துப் பதவிப் பெயர் போடாதீர்கள். நியூயோர்க் கவுண்டித் தலைவர் கார்மைன் டெசாப்பியோ 1961 இல் விழுந்தது கவனிக்கத்தக்கது. பெரிய மேடையில் தோற்கவில்லை. கிரீனிச் விலேஜில் தன் சொந்தப் பகுதித் தலைமையைத் தோற்றார், கவுண்டித் தலைமை அதோடு போயிற்று.

எதிர் உதாரணம் குயீன்ஸ். ஜோசப் குரோலி 2018 ஜூனில் ஒகாசியோ-கோர்ட்டெஸிடம் பிரைமரியில் தோற்றார், கொங்கிரஸ் கதிரை போனது. கட்சியின் கவுண்டித் தலைமை உடனே போகவில்லை, 2019 இல்தான் கிரெகரி மீக்ஸிடம் கைமாறியது. இரண்டும் வேறு வேறு தெரிவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது.

குடியரசுக் கட்சிக்கு உதாரணம் வேண்டுமென்றால் லோங் ஐலண்டின் நசோ கவுண்டி. ஜோசப் மார்ஜியோட்டா 1967 முதல் 1983 வரை. காப்புறுதித் தரகுப் பணத்தைக் கட்சிக்காரருக்குப் பங்கிட்ட வழக்கில் 1981 இல் குற்றவாளியாகக் காணப்பட்டவர். பிறகு ஜோசப் மொன்டெல்லோ 2018 வரை, 35 வருடம். டேலியைவிட நீளம், ஆனால் யாரும் பேசுவதில்லை.

நியூ ஜேர்சியில் அதிகாரம் வேலையில் மட்டுமல்ல, வாக்குச்சீட்டின் வடிவத்திலும் இருந்தது. கவுண்டிக் கட்சி ஆதரித்தவர்கள் எல்லாரும், செனற்றர் முதல் கவுண்டி ஆணையாளர் வரை, ஒரே நிரலில் மேலிருந்து கீழாக. ஆதரவு கிடைக்காதவர் இரண்டு மூன்று வெற்றுக் கட்டம் தள்ளி ஒரு மூலையில். 21 கவுண்டிகளில் 19 இல் இந்த முறை. 2024 மார்ச் 29, செனற்றுக்குப் போட்டியிட்ட அன்டி கிம் தொடுத்த வழக்கில் சமஷ்டி நீதிமன்றம் அந்த வருட ஜனநாயகக் கட்சிப் பிரைமரிக்கு அதைத் தடை செய்தது. சீட்டின் படம் ஒன்றைக் கையேட்டில் போடுங்கள். சொல்லி விளங்குவதைவிடப் பார்த்து விளங்கும்.

---

சாம்பல்தீவு_சேர் எழுதியது:

பட்டியல் செய்யும் முறை பற்றி ஒரு குறிப்பு. பெயரும் வருடமும் மட்டும் போட்டால் நாளைக்கு இதே குழப்பம் திரும்பும். ஒவ்வொரு ஆளுக்கும் அந்தக் காலத்தில் வழங்கிய பதவிப் பெயர், பதவிக்கு வந்த திகதி, வந்த விதம் (தெரிவா, பதிலா, இடைக்கால நியமனமா), போன காரணம், அதே நேரத்தில் வைத்திருந்த அரசாங்கப் பதவி, இவ்வளவும் வேண்டும். திகதிக்குப் பழைய பத்திரிகை பார்ப்பதே நல்லது. அமெரிக்கக் கொங்கிரஸ் நூலகத்தின் "குரோனிக்கிளிங் அமெரிக்கா" தளத்தில் இலவசமாகத் தேடலாம். தலைவர் இறந்த அல்லது விலகிய கிழமையிலிருந்து ஒரு மாதம் முன்னோக்கித் தேடுங்கள், கமிட்டி கூடிய செய்தி அதற்குள் அகப்படும்.

குழப்பம் தரும் இடங்கள் மூன்று. ரிச்சர்ட் ஜே. டேலி தந்தை, ரிச்சர்ட் எம். டேலி மகன். மகன் 1989 முதல் 2011 வரை மேயர், ஆனால் கவுண்டிக் கட்சித் தலைவராக ஒருநாளும் இருந்ததில்லை. மேயர் எட்வர்ட் கெல்லி வேறு, பிற்காலத்தில் 47 ஆம் வட்டாரத்தை வைத்திருந்த எட்மண்ட் கெல்லி வேறு. ஆர்வி 1950 இல் விலகியது கவுண்டித் தலைமையிலிருந்து மட்டும். தேசியக் கமிட்டியில் அதன்பிறகும் நீண்டகாலம் இருந்தார். அந்த வருடங்களைக் கொண்டுவந்து கவுண்டிக் கணக்கில் சேர்த்துவிட வேண்டாம்.

---

மடத்தடி_குறிப்பேடு எழுதியது:

முதல் வரைவு போட்டுவிட்டேன். கடைசிப் பகுதி இப்படி வருகிறது: டேலி 1953–1976, டன் 1976–1990, லையன்ஸ் 1990–2007, பெரியோஸ் 2007–2018, பிரெக்விங்கிள் 2018 முதல். சரியா?

---

கிண்ணியா_நானா எழுதியது:

டன்னில் வழுக்கிவிட்டீங்க தம்பி. 1969–1990 என்ற தவிசாளர் கணக்கின் வால் இதற்குள் வந்து ஒட்டியிருக்கு. கட்சித் தலைமைக்கு அவரை இரண்டு வரியாகப் பிரிக்க வேணும்: 1976–1982, பிறகு 1987–1990. நடுவில் வ்ர்டோலியாக். அவரை விட்டால் 1983 நகரசபைச் சண்டையில் எதிர்ப்பக்கம் நின்றது யார் என்று பிள்ளைகள் கேட்பார்கள்.